தைப்பூச வீடியோவும் ஐந்து வெள்ளி கேபிளும்

தைப்பூசம் முடிந்த மறுநாள் மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அக்காள் பால்குடம் எடுத்ததைக் கைப்பேசியில் பிடித்திருக்கிறார். மொத்தம் 48 ஜிபி. அதைக் கணினிக்கு மாற்ற வேண்டும். "இரவுச் சந்தையில் 5 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய கேபிளில் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கணினிக்குப் போனையே தெரியவில்லை. தங்கச்சி கேபிளில் தெரிகிறது, பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. கடையில் தங்க முலாம் பூசியது 89 வெள்ளி என்கிறார்கள். வாங்கலாமா அண்ணே?"

வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்வதற்கு முன், நானும் அதே மாதிரி ஒரு 5 வெள்ளி கேபிளை வாங்கி வந்து காய்கறிக் கத்தியால் கீறிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. அவ்வளவுதான். சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிளில் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தரவுக்கு. பின்னிரண்டையும் போடாமல் செம்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். உங்கள் கணினிக்குப் போன் தெரியாததில் மர்மம் ஒன்றுமில்லை. பேசுவதற்கு வாயே இல்லை.

தங்கச்சி கேபிள்தான் சுவாரசியமானது. அதில் நான்கு கம்பியும் இருக்கும். பிறகு ஏன் அறுந்து போகிறது?

பச்சையையும் வெள்ளையையும் பாருங்கள். ஒரே செய்தியைக் கொண்டுபோக எதற்கு இரண்டு கம்பி? ஃபெரியில் பினாங்குக்கு வரும்போது மேல்தளத்தில் இரண்டு பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இருப்பவருக்குச் சைகையில் செய்தி சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் எழுந்தும் உட்கார்ந்தும் காட்டினால், அலை படகைத் தூக்கியதா, ஆள்தான் எழுந்தாரா என்று தூரத்திலிருந்து குழப்பம் வரும். இருவரும் சேர்ந்து, ஒருவர் எழும்போது மற்றவர் உட்கார்ந்தால்? அலை இருவரையும் ஒன்றாகத்தான் தூக்கும், ஒன்றாகத்தான் இறக்கும். கரையில் இருப்பவர் அலையை மறந்துவிட்டு, இருவரில் யார் உயரம் என்று மட்டும் பார்த்தால் போதும்.

யூஎஸ்பி செய்வதும் இதையேதான். பச்சையில் 0.4 வோல்ட் இருக்கும்போது வெள்ளையில் சுழியம். பிறகு இடம் மாறும். வினாடிக்கு 48 கோடி பிட் இப்படிப் போகிறது. பக்கத்தில் மின்விசிறி ஓடினாலும் மைக்ரோவேவ் ஓடினாலும் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறும். மறுமுனையில் இருக்கும் சில்லு (சிப்) ஒரு கம்பியிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. இரைச்சல் போய்விடும், செய்தி நிற்கும்.

ஆனால் ஒரு சிக்கல். இரைச்சல் வரும் பக்கத்துக்கு ஒரு கம்பி கொஞ்சம் கிட்டே இருக்கும், மற்றது கொஞ்சம் தள்ளி இருக்கும். அப்போது இரண்டிலும் ஒரே அளவு ஏறாது, கழித்தாலும் மிச்சம் நிற்கும். இதற்குக் கண்டுபிடித்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை: இரண்டையும் கைமுறுக்கு மாதிரி முறுக்கிவிடு. அண்ணன் தம்பி இருவர் மாலை வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். நாலு அடிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டால் வீடு போய்ச் சேரும்போது இருவரும் ஒரே அளவு கறுத்திருப்பார்கள். முறுக்கிய கம்பியும் அப்படியே. இந்தப் புரிக்குள் கிட்டே இருந்தது அடுத்த புரியில் தள்ளிப் போகும்.

இது கணினிக் காலத்து யோசனையே இல்லை. தொலைபேசிக் கம்பிகளுக்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நாளில் தந்திக் கம்பிகளும், அப்புறம் தெருவுக்கு வந்த மின்சார டிராம்களும் ஒற்றைக் கம்பித் தொலைபேசியில் கரகரவென்று நுழைந்துகொண்டிருந்தன. நம் பினாங்கு ஜார்ஜ்டவுனிலும் 1936 வரை டிராம் ஓடியது. அது போன பிறகும் முறுக்கு மட்டும் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என்னிடம் கெட்டுப்போன இன்னொரு கேபிளையும் கீறினேன். பச்சையும் வெள்ளையும் ரயில் தண்டவாளம் போல நேராகப் படுத்திருந்தன. மேலே சுற்ற வேண்டிய அலுமினியத் தாளும் இல்லை. வெளியே மட்டும் பின்னிய நைலான் சட்டை, பார்க்க ஜோர்.

இப்படிப்பட்ட கேபிளில் வீடியோ மங்கலாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. தரவு 512 பைட் பொட்டலங்களாகக் கிளம்புகிறது, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். பெறுகிற பக்கம் கணக்குப் போட்டுப் பார்க்கும். எண் ஒத்துவராவிட்டால் பேசாமல் இருந்துவிடும். ரசீது வரவில்லையே என்று மறுமுனை அதையே திரும்ப அனுப்பும். தொடர்ந்து பழுதானால் இணைப்பே விழும். ஆகவே மோசமான கேபிளின் அடையாளம் தாமதம், இல்லாவிட்டால் அறுபடுவது. வந்து சேர்ந்த படம் எந்தக் கேபிளில் வந்தாலும் ஒரே படம்தான். தங்க முலாம் செருகியில் துருப் பிடிக்காமல் காக்கும். நல்லது, ஆனால் கேபிளில் அது படிவது மெல்லிய பூச்சுதான், 89 வெள்ளிக்கு ஈடில்லை. தங்கத்தால் "ஒலி இனிக்கும்" என்று பாட்டுக் கேட்கிறவர்களுக்கு யூஎஸ்பி கேபிள் விற்பதும், கதிர்வீச்சைத் தடுக்கப் போனில் ஒட்டும் ஸ்டிக்கரும் எனக்கு ஒரே கடைச் சரக்கு.

மின்சாரக் கம்பிகள் பற்றி இரண்டு வரி. கம்பியின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். 28 கேஜ் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போய்வர 0.42. அதில் 2 ஆம்பியர் ஓடினால் 0.8 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரையும். 5 வோல்ட் 4.2-க்குக் கீழே இறங்கும். கையடக்க ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று அடித்து நின்று போவது பெரும்பாலும் இதனால்தான். 24 கேஜில் இழப்பு பாதிக்கும் குறைவு. நல்ல கேபிளின் தோலில் "28ஏடபிள்யூஜி/1பி + 24ஏடபிள்யூஜி/2சி" என்று பொடி எழுத்தில் இருக்கும்: 28 கேஜில் ஒரு ஜோடி, 24 கேஜில் இரண்டு மின்கம்பி. எண் குறையக் குறைய கம்பி தடிக்கும்.

ஒரு பக்கம் பழைய நீள்சதுரச் செருகி, மறுபக்கம் டைப்-சி என்றால் பெயர் தெரியாத சரக்கை வாங்காதீர்கள். அதற்குள் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று போனுக்குச் சொல்வது அதுதான். 2015-இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் அமேசானில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்தபோது பலவற்றில் 10 கிலோ ஓம்தான் இருந்தது. அந்தக் கேபிள் போனிடம் 3 ஆம்பியர் இழுக்கலாம் என்று பொய் சொல்லும், கணினியின் துளை தாங்காது. அடுத்த ஆண்டு தப்பாகக் கம்பி இணைத்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே கெடுத்தது.

எனக்கு ஓர் ஆதங்கம். 1972 முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சில்லு வேலை நடக்கிறது. யூஎஸ்பியை உருவாக்கியதில் முன்னின்ற இன்டெல்லும் அந்த ஆண்டே இங்கே வந்தது. அங்கே வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஒரு கேபிளின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பள்ளியில் யாராவது காட்டியிருப்பார்களா? ஆய்வுக்கூடத்துக்கு மானியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கெட்டுப்போன கேபிளும் மழுங்கிய கத்தியும் போதும்.

சரி, தம்பி வாங்க வேண்டியது எது? முதலில் போனின் விவரத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 என்று இருந்தால் எந்தக் கேபிளும் அதை 480 மெகாபிட்டுக்கு மேல் தள்ளாது. ஐபோன் 15 சாதாரண மாடலும் அந்த ரகம்தான். ப்ரோ 10 கிகாபிட் தாங்கும், ஆனால் பெட்டியில் வரும் கேபிள் தாங்காது. தடித்த 240 வாட் கேபிளைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், அதில் பலவும் தரவுக்கு 480-தான். போன் 5 கிகாபிட் என்றால், அட்டையில் 5 அல்லது 10 கிகாபிட் என்று வெளிப்படையாக அச்சிட்ட, ஒரு மீட்டருக்கு மிகாத கேபிள். ஜார்ஜ்டவுன் கொம்தார் கோபுரத்துப் பக்கத்துக் கடைகளில் 25 வெள்ளிக்குள் எனக்குக் கிடைத்தது. 2.0 போதும் என்றால் அதில் பாதி. 48 ஜிபிக்கு 480 மெகாபிட்டில் நடைமுறையில் இருபது நிமிடம் ஆகும். ஒரு தேத்தாரே (ஆற்றிய தேநீர்) குடித்துவிட்டு வரலாம்.

அந்த 5 வெள்ளி கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விமான நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் முன்பின் தெரியாத யூஎஸ்பி துளையில் சார்ஜ் போட நான் எடுத்துப்போவது அந்த மாதிரி ஒன்றைத்தான். தரவுக் கம்பியே இல்லாததால் மறுபக்கம் யார் இருந்தாலும் என் போனுடன் பேச முடியாது.