ஆறு மாதிரிகள், ஒரே ஓட்டம்: புரதங்களுக்கு ரசாயனக் குறி போட்டு அளக்கும் முறை

ஒரே வகைச் செல்களை ஆறு தட்டுகளில் வளர்க்கிறோம். மூன்றில் மருந்து, மூன்றில் வெறும் கரைப்பான். மருந்து பட்டதும் எந்தப் புரதம் கூடியது, எது குறைந்தது? ஆறையும் தனித்தனியாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை எடையால் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டினால், காலை ஓட்டத்துக்கும் இரவு ஓட்டத்துக்கும் நடுவே கருவியின் உணர்திறனே கொஞ்சம் மாறியிருக்கும். உப்பு நீக்கும்போது ஒரு மாதிரியில் மட்டும் இழப்பு கூடியிருக்கும். கடைசியில் கண்ணில் படும் வேறுபாடு மருந்தால் வந்ததா, கைவேலையால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

இதற்குத்தான் ரசாயனக் குறி. பல வீட்டுத் துணிகளை ஒன்றாக வெளுக்கும் சலவைக்காரர், ஒவ்வொன்றின் மூலையிலும் மைக்குறி போட்டுவிடுவார் அல்லவா? அதுபோல ஒவ்வொரு மாதிரியின் பெப்டைடுகளிலும் (புரதத்தை வெட்டிய சிறு துண்டுகள்) ஒரு குறியை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே குழாயில் கலந்துவிடலாம். அதன்பின் நேரும் இழப்பு எல்லோருக்கும் பொது என்பதால் விகிதம் கெடாது. கலப்பதற்கு முன் நடந்த தவறை மட்டும் எந்தக் குறியும் திருத்தாது.

1999-இல் வந்த ஐகேட் முறை சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் மட்டுமே ஒட்டியது. சிஸ்டீன் இல்லாத பெப்டைடுகள் கணக்கிலேயே வரவில்லை. 2003-இல் டிஎம்டி, 2004-இல் ஐட்ராக் ஆகிய இரண்டு குறிகளும் அமீன்களை (நைட்ரஜன் உள்ள வேதித் தொகுதிகள்) பிடித்தன. பெப்டைடின் முன்முனையிலும் லைசினிலும் அமீன் உண்டு என்பதால் ஏறக்குறைய எல்லாப் பெப்டைடுகளும் அகப்பட்டன.

டிஎம்டி குறிக்கு மூன்று பகுதிகள். ஒரு முனையில் எந்த மாதிரி என்று காட்டிக்கொடுக்கும் ரிப்போர்ட்டர், நடுவில் எடையைச் சமன்செய்யும் பகுதி, மறுமுனையில் அமீனோடு வினைபுரியும் என்ஹெச்எஸ் எஸ்டர். ஆறு குறிகள் கொண்ட தொகுப்பில் ஒவ்வொன்றிலும் கார்பன்-13, நைட்ரஜன்-15 என்று மொத்தம் ஐந்து கன ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் எடை கூடிய அணுக்கள்) இருக்கும். 126-ஆம் குறியில் ஐந்தும் நடுப்பகுதியில். 131-இல் ஐந்தும் ரிப்போர்ட்டரில். எதை ஒட்டினாலும் ஓர் அமீனுக்கு 229.163 டால்டன்தான் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) கூடும். ஆகவே ஆறு மாதிரிகளிலிருந்தும் வந்த ஒரே பெப்டைடு, முதல் அளவீட்டில் ஒரே முகடாகத் தெரியும். அதைப் பிரித்து வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைக்கும்போதுதான் ரிப்போர்ட்டர்கள் கழன்று, 126 முதல் 131 வரை ஆறு சிறு முகடுகளாக நிற்கும். அவற்றின் உயரங்கள் ஆறு தட்டுகளின் விகிதத்தைச் சொல்லும். மற்ற துண்டுகள் அது எந்தப் புரதம் என்பதைச் சொல்லும். பின்னால் வந்த டிஎம்டி-புரோவின் 18 குறித் தொகுப்பில் 18 மாதிரிகள் வரை கலக்கலாம். ஆனால் அதில் சில ரிப்போர்ட்டர்களுக்கிடையே வித்தியாசம் வெறும் 0.0063 டால்டன், பிரித்துக் காட்ட சுமார் 50,000 பிரிதிறன் (அருகருகே உள்ள முகடுகளைப் பிரித்துக் காட்டும் திறன்) உள்ள கருவி வேண்டும்.

வேலைக்கு வருவோம். புரதத்தின் டைசல்ஃபைடு பிணைப்புகளை டிடிடி அல்லது டிசெப் என்ற ரசாயனம் கொண்டு அவிழ்த்து, அயோடோஅசெட்டமைடால் அடைத்து, 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) என்ற கணக்கில் 37 டிகிரியில் இரவு முழுவதும் வெட்ட விடுவது வழக்கம். பிறகு உப்பு நீக்கி உலர்த்தி, பெப்டைடின் அளவை மறுபடி அளக்க வேண்டும். தொடக்கத்தில் எடுத்த புரத அளவை நம்பி நேராகக் குறி போடுவதுதான் மாதிரிகள் சமமில்லாமல் போக முதல் காரணம்.

100 மைக்ரோகிராம் பெப்டைடை 100 மைக்ரோலிட்டர் டீப் பஃபரில் (100 மில்லிமோலார், பிஹெச் 8.5) கரைக்கவும். 0.8 மில்லிகிராம் குறியை 41 மைக்ரோலிட்டர் நீரற்ற அசிட்டோநைட்ரைலில் கரைத்து இதோடு சேர்த்து ஒரு மணி நேரம் வைக்கவும். கீழே சொல்லும் ஒட்டல் சோதனை முடிந்த பிறகு, 5% ஹைட்ராக்சிலமீன் 8 மைக்ரோலிட்டர் விட்டு 15 நிமிடத்தில் வினையை நிறுத்தவும். ஹைட்ராக்சிலமீன் மிச்சக் குறியைத் தின்பதோடு, டைரோசின், செரின் போன்றவற்றில் தவறி ஒட்டியதையும் கழற்றிவிடும்.

கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான். முதல் பகை, அமிலம். உப்பு நீக்கியபோது சேர்ந்த டிஎஃப்ஏ என்ற அமிலம் முழுதாகப் போகாவிட்டால் பிஹெச் 8-க்குக் கீழே இறங்கும். புரோட்டான் ஏறிய அமீன் எஸ்டரைத் தாக்காது. ஒரு மைக்ரோலிட்டரை பிஹெச் தாளில் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது போட்டி அமீன்கள். டிரிஸ், கிளைசின், அம்மோனியம் பைகார்பனேட் எதுவும் மிச்சமிருந்தால் விலையுயர்ந்த குறி அவற்றில்தான் போய் ஒட்டும்.

மூன்றாவது, தண்ணீர். அது பட்டால் எஸ்டர் சிதைந்துவிடும்; இதுதான் நீராற்பகுப்பு. என்ஹெச்எஸ் எஸ்டரின் அரைவாழ்வு (பாதி சிதைய ஆகும் நேரம்) பிஹெச் 7, 0 டிகிரியில் 4 முதல் 5 மணி நேரம், பிஹெச் 8.6, 4 டிகிரியில் 10 நிமிடம்தான். கடற்காற்று ஓயாத சென்னையில் இது பெரிய விஷயம். மைனஸ் 20 டிகிரியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே ஈரம் படியும். ஐப்பசி மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் அரை மணி நேரமாவது வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்கவும். அசிட்டோநைட்ரைலும் ஈரம் இழுக்கும். பெரிய பாட்டில் வாங்கி மாதக்கணக்கில் திறந்து மூடுவதைவிடச் சிறிய பாட்டில் மேல். கையேட்டில் ‘அறை வெப்பநிலை’ என்றால் 20 முதல் 25 டிகிரி. கிண்டியிலோ தரமணியிலோ ஏசி நின்றுபோன மே மாத மதியம் அதற்குள் வராது. சூட்டில் நீராற்பகுப்பும் வேகமெடுக்கும்.

எல்லாம் ஒட்டியதா என்று பார்க்காமல் கலக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு மைக்ரோலிட்டர் எடுத்துக் கலந்து சிறு ஓட்டம் விட்டு, 95 சதவீதத்துக்கு மேல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். மிச்சத்தை ஹைட்ராக்சிலமீன் விடாமல் மைனஸ் 80-இல் வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் பிறகு புதுக் குறி சேர்த்தும் பயனில்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டரின் மொத்தக் கூட்டுத்தொகையும் இதே ஓட்டத்தில் கிடைக்கும். அதற்கேற்பக் கலக்கும் அளவைத் திருத்தலாம்.

வேதியியல் முழுக்கச் சரியாக இருந்தும் எண் பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கருவி ஒரு பெப்டைடைப் பிரித்தெடுக்கும்போது, ஏறத்தாழ அதே எடையுள்ள வேறு பெப்டைடுகளும் கூடவே நுழைந்துவிடும். அவற்றிலும் அதே ரிப்போர்ட்டர்கள். பெரும்பாலான புரதங்கள் மருந்தால் மாறுவதில்லை என்பதால் அவை எல்லாக் குறியிலும் சம அளவு கூட்டும். உண்மை விகிதம் 10-க்கு 1. இரண்டு பக்கமும் 2 சேர்ந்தால் 12-க்கு 3, அதாவது 4 மடங்குதான் தெரியும். இதை விகிதச் சுருக்கம் என்கிறோம். டிஎம்டி முடிவில் ‘இரண்டு மடங்கு’ என்று கண்டால் உண்மை அதற்கும் மேலாக இருக்கலாம். கலவையை முன்கூட்டியே 12 அல்லது 24 பங்குகளாகப் பிரிப்பது, பிரித்தெடுக்கும் சாளரத்தை 0.7 டால்டன் அளவுக்குச் சுருக்குவது, துண்டுகளை மறுபடி உடைத்து மூன்றாம் நிலையில் அளப்பது ஆகியவை உதவும். மூன்றாம் நிலை மெதுவானது. கண்டுபிடிக்கும் புரதங்களின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையைவிட விகிதம் முக்கியம் என்றால் தயங்காமல் அதையே எடுக்கலாம்.

இரண்டு மூன்று மாதிரிகளை ஒப்பிட டிஎம்டி வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஃபார்மால்டிஹைடும் சோடியம் சயனோபோரோஹைட்ரைடும் போதும். ஒவ்வொரு அமீனிலும் இரண்டு மெத்தில்கள் ஏறும். சாதாரண ரசாயனமாக இருந்தால் எடை 28 டால்டன் கூடும்; டியூட்டீரியம், கார்பன்-13 உள்ளவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் 32, 36. இங்கே அளவு, உடைப்பதற்கு முந்தைய முதல் நிலை முகடுகளிலேயே கிடைப்பதால் விகிதச் சுருக்கத் தொல்லை மிகக் குறைவு. டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏறிய பெப்டைடு, கருவிக்கு முன் பெப்டைடுகளைப் பிரிக்கும் நிரலிலிருந்து சற்று முன்னதாக இறங்கும். முகட்டின் உச்சியை மட்டும் ஒப்பிடாமல் முழுப் பரப்பையும் கணக்கிட வேண்டும். டிரிஸும் அம்மோனியமும் இங்கும் ஆகாது. வினையை அம்மோனியா விட்டு நிறுத்திய பிறகு அமிலம் சேர்க்கும் படியை ஃப்யூம் ஹூடுக்குள் மட்டுமே செய்ய வேண்டும். சயனோபோரோஹைட்ரைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும். அந்தக் கழிவை அமிலக் கழிவுக் கேனில் ஒருபோதும் ஊற்றக் கூடாது.