வெயில் ஒன்று, தண்ணீர் இரண்டு: ஜூன் மாத ஏரிகளில் மீன் எங்கே நிற்கிறது?

ஜூன் முதல் வாரம் டொராண்டோவில் வெயில் 25 டிகிரியைத் தொட்டிருக்கும். ஸ்கார்பரோ பிளஃபர்ஸ் பார்க் கரையில் ஒன்டாரியோ ஏரித் தண்ணீர் 12 டிகிரி இருக்கலாம். படகில் நன்றாக உள்ளே போனால் 4 டிகிரிதான். வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போனால், சிம்கோ ஏரியின் ஓரங்களில் அதே நாளில் 18 டிகிரி. காரணம் ஆழம். ஒன்டாரியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர், அதிகபட்சம் 244 மீட்டர். சிம்கோவின் சராசரி ஆழம் 15 மீட்டர் அளவே. ஒன்டாரியோவின் அவ்வளவு தண்ணீரைச் சூடாக்க வசந்தகால வெயிலுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நல்ல தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும்; அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் எடை குறையும். ஏப்ரல், மே மாதங்களில் கரையோரம் 4 டிகிரியைத் தாண்டிவிடும், நடு ஏரி இன்னும் 2, 3 டிகிரியில் கிடக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கலந்து 4 டிகிரி ஆகும் தண்ணீர், இரு பக்கத்துத் தண்ணீரையும் விடக் கனமானது. அது அப்படியே கீழே இறங்குகிறது. கரைக்கு இணையாக நெடுக ஓடும் இந்த இறக்கம் ஒரு தடுப்புச் சுவராகி விடுகிறது. 1880-ல் ஜெனீவா ஏரியில் ஃபோரல் என்ற சுவிஸ் விஞ்ஞானி இதை விவரித்தார். இன்று வெப்பத் தடுப்பு என்கிறார்கள்.

ஆறுகள் கொண்டுவரும் சத்தும், அதில் பெருகும் நுண்ணுயிரும், அவற்றைத் தின்ன வரும் அலைவைஃப் என்ற சின்ன மீனும் இந்தச் சுவருக்குக் கரைப்பக்கமே தங்கிவிடும். பின்னாலேயே பிரவுன் ட்ரவுட், சால்மன் போன்ற பெரிய மீன்கள் எல்லாம் வரும். அதனால்தான் மே மாதத்தில் கரையில் நின்று வீசுகிறவருக்கும் பெரிய மீன் மாட்டுகிறது. படகில் இருப்பவர் சுவரைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: நுரை, மகரந்தத் தூள், செத்த பூச்சிகள் ஒரு கோடாக மிதக்கும், சில நூறு மீட்டருக்குள் மேற்பரப்பு வெப்பநிலை சட்டென்று மாறும். கோடு நாளுக்கு நாள் உள்ளே நகர்ந்துபோய், ஜூன் நடுவிலோ கடைசியிலோ மறைந்துவிடும். அதுவரை அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் வெயிலை நம்பிப் பனியனோடு போகக் கூடாது. 4 டிகிரி தண்ணீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, பத்து நிமிடத்தில் கை கால் சொன்னபடி கேட்காது. உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் அல்ல.

சுவர் மறைந்ததும் ஏரி அடுக்கடுக்காகப் பிரியும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு, அடியில் 4, 5 டிகிரி குளிர், நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் விறுவிறுவென்று இறங்கும் தெர்மோக்லைன். சினூக் சால்மனுக்கு 10 முதல் 13 டிகிரி பிடிக்கும், லேக் ட்ரவுட்டுக்கு 8 முதல் 10. ஆக, இந்த அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறதோ மீனும் அங்கேதான்.

ஆனால் பெரிய ஏரியில் அந்த ஆழம் நிலையாக இருப்பதில்லை. சூடான பாலை ஊதினால் ஆடை எதிர்ப்பக்கம் ஒதுங்குவதுபோல, காற்று மேலடுக்கைத் தள்ளுகிறது. ஏரி பெரிது என்பதால் பூமியின் சுழற்சியும் சேர்ந்துகொள்ளும். வட அரைக்கோளத்தில் தண்ணீர் காற்றின் போக்குக்கு வலப்பக்கமாக நகரும். மேற்கிலிருந்து கச்சான் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால், டொராண்டோ பக்கத்துச் சூட்டுத் தண்ணீர் தெற்கே நியூயார்க் கரையை நோக்கிப் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வரும். 18 டிகிரியில் குளித்துக்கொண்டிருந்த ஏரிக்கரை ஓரிரு நாளில் 8 டிகிரிக்கு இறங்குவது இப்படித்தான். கிழக்குக் காற்று அடித்தால் எல்லாம் தலைகீழ்: சூட்டுத் தண்ணீர் வடகரையில் குவியும், தெர்மோக்லைன் ஆழத்துக்குப் போகும், நேற்று 15 மீட்டரில் மாட்டிய மீனை இன்று 30 மீட்டரில் தேட வேண்டும். காற்று நின்ற பிறகும் சாய்ந்த அடுக்கு உடனே சமனாகாது. அடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த ஏரியில் பூமிச் சுழற்சியால் உண்டாகும் ஆட்டம் ஒரு சுற்று முடியச் சுமார் 17 மணி நேரம். காலையில் கிடைத்த ஆழத்தில் மாலையில் ஒன்றுமில்லை என்றால் மீனைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆழத்தில் இரையை இழுக்க டவுன்ரிகர் பயன்படும்: கம்பியில் தொங்கும் நாலரை முதல் ஐந்தரை கிலோ ஈயக் குண்டு, அதோடு ஒரு கிளிப்பில் மாட்டிய தங்கூசி, அதாவது தூண்டில் நூல். மீன் கடித்ததும் தங்கூசி கிளிப்பிலிருந்து விடுபடும். படகின் வேகம் மணிக்கு மூன்றரை முதல் நாலரை கிலோமீட்டர். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, கம்பி பின்னோக்கிச் சாய்வதால், கருவி 30 மீட்டர் காட்டும்போது குண்டு அதைவிட மேலே இருக்கும். இரண்டாவது, அடிநீரோட்டம் மேல்நீரோட்டத்துக்கு எதிராகவும் ஓடும். ஜிபிஎஸ் காட்டுவது படகின் வேகம். இரையின் வேகம் வேறு. கிழக்கே போகும்போது மட்டும் கடித்து, திரும்பி வரும்போது கடிக்கவில்லை என்றால் இதுதான் விஷயம். மீன் கடித்தபோது கம்பி எவ்வளவு சாய்ந்திருந்தது என்று பார்த்து வைத்து, திரும்பும்போதும் அதே சாய்வு வருகிற அளவுக்கு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஒலியால் ஆழத்தையும் மீனையும் காட்டும் சோனாரில் உணர்திறனைக் கூட்டினால் தெர்மோக்லைன் மங்கலான பட்டையாகத் தெரியும். மீனுக்குச் சற்று மேலேயே இரை போகட்டும். கீழே போகிற இரைக்காகச் சால்மன் இறங்கி வருவது அபூர்வம்.

சிம்கோ போன்ற சிறிய உள்நாட்டு ஏரிகளில் கணக்கு எளிது. ஜூனில் நீர்ப்பாசி வளர்ந்து நிற்கும்; அதன் வெளி விளிம்பு, இரண்டு முதல் நான்கு மீட்டர் ஆழம், முதலில் பார்க்க வேண்டிய இடம். வால்ஐ மீனுக்கு விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. மங்கல் வெளிச்சத்தில் சின்ன மீன்களைவிட அதற்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்தி நேரமும், காற்று அலையடிக்கும் கரையும் அதற்கு ஏற்றவை.

குளிர்காற்று வந்து வானம் துடைத்துவிட்டதுபோல் ஆனதும் மீன் கடிக்காமல் போவதற்குக் காற்றழுத்தத்தைக் காரணம் சொல்வது வழக்கம். 10 மில்லிபார் மாற்றம் என்பது 10 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். மீன் ஒரு சாண்கூட ஏறி இறங்காமலே அதைச் சந்திக்கிறது. கூசும் வெளிச்சமும் அலையடங்கிய நீரும்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாசிக்குள்ளே மெதுவாகத் தேடினால் மீன் இருக்கும்.

ஸ்மால்மவுத் பாஸ் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. தண்ணீர் 15, 16 டிகிரி ஆனதும் ஆண் மீன் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டைகளைக் காவல் காக்கும். கிட்டே வரும் எதையும் கடிக்கும், அதனால் பிடிப்பது மிக எளிது. அதைத் தூக்கிய சில நிமிடங்களிலேயே கோபி, பெர்ச் என்ற சின்ன மீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். தெற்கு ஒன்டாரியோவின் பல பகுதிகளில் பாஸ் பிடிக்கும் பருவம் ஜூன் பிற்பாதியில் தொடங்குவது அதற்காகத்தான். தேதி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். புறப்படும் முன் மாகாண அரசின் அந்த ஆண்டு விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.