எட்டில் ஒன்றைத் தள்ளினால் கர்ணம் வருமா?

செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கமான கர்ணத்தை வர்க்கமூலம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம் என்று ஒரு செய்யுள் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை ஒரு வேலிக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மனைக்குக் கம்பிவேலி போட வருகிறவர் முதலில் கேட்பது, “சுற்றளவு எத்தனை அடி?” என்றுதான். செவ்வக மனை என்றால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரட்டித்தால் போதும். ஆனால் செவ்வகமாக இல்லாத ஒரு மனையை எடுத்துக்கொள்வோம்: ரோட்டுப் பக்கம் 60 அடி, அதற்கு இணையான பின்பக்கம் 45 அடி, இடப்பக்கம் நேர்மூலையாக 20 அடி. வலப்பக்கம் சாய்வு, அந்த ஓரம் முழுக்கச் சீமைக் கருவேலம், டேப் பிடிக்க வழியில்லை.

முள்ளுக்குள் போகவே வேண்டாம். வலப்பக்கப் பின்மூலையிலிருந்து ரோட்டுக்கு நேராக ஒரு கோடு இறக்குங்கள். சரிவகம் ஒரு செவ்வகமாகவும் ஒரு செங்கோண முக்கோணமாகவும் பிரிந்துவிடும். முக்கோணத்தின் ஒரு பக்கம் 20. இன்னொன்று 60-இல் 45 போக 15. 400-ம் 225-ம் சேர்ந்து 625. அதன் வர்க்கமூலம் 25. சாய்வு 25 அடி, சுற்றளவு 150 அடி.

பிதாகரஸ் பெயரில் நாம் படித்த இந்த உறவு, வேள்விமேடை அளக்கும் கயிற்று விதியாக வடமொழி பௌதாயன சுல்ப சூத்திரத்திலும் இருக்கிறது. கொத்தனார்கள் இன்றும் வாய்க்கணக்காக வைத்திருக்கிறார்கள்: மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மறு நூலில் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி.

இந்த இடத்தில் யாராவது வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்யுளை எடுத்து நீட்டுவார். நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, உயரத்தில் பாதியைச் சேர், வருவது கர்ணம். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். நம் மனைக்குப் போட்டுப் பார்த்தால், 20-இல் எட்டில் ஒன்று போக 17.5, அதோடு 15-இல் பாதி 7.5, கூட்டினால் அதே 25! பிதாகரஸ் தோற்றார் என்று பரப்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சோதிக்கும் உதாரணங்கள் எல்லாம் 3, 4, 5 குடும்பத்திலோ 5, 12, 13 குடும்பத்திலோ இருந்தால் பொருந்தத்தான் செய்யும். இந்த விதியைப் பிதாகரஸ் சமன்பாட்டோடு சேர்த்துத் தீர்த்தால் ஓர் இருபடிச் சமன்பாடு வருகிறது. அதற்கு இரண்டே விடைகள்: சிறிய பக்கம் பெரியதில் 3/4 பங்கு, அல்லது 5/12 பங்கு. வேறு எந்த முக்கோணத்துக்கும் விதி துல்லியமாக வராது. இந்த இரண்டுக்கும் நடுவே விடை கொஞ்சம் கூடும், ஆனால் 0.8 சதவீதத்தைத் தாண்டாது. கூட்டல் கழித்தலிலேயே இவ்வளவு நெருங்குவதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அமைத்தவர் கைதேர்ந்தவர். எட்டால் வகுக்க வேண்டியது பெரிய பக்கத்தை என்பது மட்டும் மறக்கக்கூடாது. 3-ஐ வகுத்து 4-ஐப் பாதியாக்கினால் 4.625 என்று தவறாக வரும்.

அந்த இடைவெளிக்கு வெளியே போனால்தான் வம்பு. பின்பக்கம் 45-க்குப் பதில் 56 அடி என்று வையுங்கள். முக்கோணத்தின் பக்கங்கள் 20, 4. உண்மைச் சாய்வு 20.4 அடி. விதி தருவதோ 17.5-ம் 2-ம் சேர்ந்து 19.5. சாய்ந்து போகிற கோடு நேர்க்கோட்டை விடக் குட்டையாகிவிட்டது! சிறிய பக்கம் பெரியதில் கால் பங்குக்கும் கீழே இறங்கினால் எப்போதும் இந்தக் கூத்துதான். சுற்றளவில் ஏறத்தாழ ஓர் அடி குறையும். கன்றுக்குட்டி தலையை நுழைக்க அது போதும்.

சரிவகத்தில் பிழை ஒரு பக்கத்தோடு நின்றது. சாய்சதுரத்தில் நாலு பக்கமும் கர்ணம். அதன் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் பாதியாக வெட்டிக்கொள்வதால், உள்ளே ஒரே அளவில் நாலு செங்கோண முக்கோணங்கள் இருக்கும். மூலைவிட்டங்கள் 24, 10 அடி என்றால் பாதிகள் 12, 5. பக்கம் 13, சுற்றளவு 52. செய்யுள் கணக்கும் இங்கே அச்சு அசலாக 52-தான். இரண்டும் 20 அடியாக இருந்தால், அதாவது சதுரமானால், பாதிகள் 10, 10. உண்மைப் பக்கம் 14.14, சுற்றளவு 56.57. விதிப்படி பக்கம் 13.75, சுற்றளவு 55. அந்தக் கணக்கை நம்பிக் கம்பி வாங்கினால் கடைசி மூலையில் ஒன்றரை அடி திறந்தே கிடக்கும்.