சுவான்சியே: சீன மருத்துவத்தின் முழுத்தேள்

சீன மரபு மருந்துக் கடைகளில் ‘சுவான்சியே’ என்ற பெயரில் விற்கப்படும் சரக்கு, பூத்தஸ் மார்ட்டென்சியை என்னும் தேளை உலர்த்தியதாகும். ‘சுவான்’ முழுமையையும் ‘சியே’ தேளையும் குறிப்பதால், தமிழில் இதை ‘முழுத்தேள்’ எனலாம். ‘முழு’ என்ற அடை வீணானதன்று. வாலை மட்டும் தனியே எடுத்து, வீரியம் கூடியதெனக் கருதி, ‘சியேவெய்’ (தேள்வால்) என்று வேறு சரக்காகக் கொள்ளும் வழக்கமும் உண்டு.

இதனைத் ‘தேள்நஞ்சு’ என்று பெயர்ப்பது பிழை. நஞ்சை இங்கே யாரும் பிரித்தெடுப்பதில்லை. பிடித்த தேளை நீரிலோ உப்புநீரிலோ இட்டு, மண் கழிந்தபின் உடல் விறைக்கும் வரை வேகவைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துகிறார்கள். சரக்கு ஏறத்தாழ 6 செ.மீ. நீளமிருக்கும், லேசான கவிச்சையும் உப்புக் கரிப்பும் கொண்டது, உப்பு மிகுந்தால் மேலே வெண்மையாகப் பூத்திருக்கும். தேள்நஞ்சின் புரதக்கூறுகள் நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாயில்களைத் தாக்குவது ஆய்வில் தெரிந்த செய்திதான். ஆனால் அதை வைத்து, வேகவைத்து விழுங்கும் பொடிக்கும் அதே ஆற்றல் உண்டென்று முடிவுகட்ட இயலாது.

வலிப்பையும் முகவாதத்தையும் உள்ளெழும் ‘காற்றின்’ வேலையாகக் கருதிய சீன வைத்தியம், அக்காற்றை அடக்கவே தேளைக் கொடுத்தது. இக்காற்றை ‘வாதம்’ என்று எழுதினால் சித்த மருத்துவத்தின் முக்குற்றக் கோட்பாடு குறுக்கிடும். ‘காற்று’ என்றே விடுவது நல்லது. கோணிய முகத்தை நேராக இழுப்பது என்று பொருள்படும் ‘சியென்செங் சான்’ என்ற, சொங் அரசமரபுக் காலப் பொடியில், பைஃபூசி என்னும் கிழங்கோடும் பூஞ்சை தாக்கி இறந்த பட்டுப்புழுவோடும் முழுத்தேள் சம அளவில் சேர்கிறது. நஞ்சை நஞ்சால் தாக்குவது என்பது இவ்வகை மருந்துகளைப் பற்றி அங்கு வழங்கும் தொடர். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வதற்கு அது நெருங்கியது. சீன அரசின் மருந்துநூல் முழுத்தேளுக்கு 3 முதல் 6 கிராம் வரை அளவு வகுத்து, கர்ப்பிணிகளுக்கு விலக்குகிறது.

இதற்குச் ‘சுவான்சொங்’ என்ற மறுபெயரும் உண்டு. ஊர்வன, நெளிவன பலவற்றையும் சீனர் ‘சொங்’ என்பர். தேளும் பூரானும் சேர்ந்த மருந்துத் தொகுதிக்கே அச்சொல்லால் பெயரிட்டிருக்கிறார்கள். அதை அப்படியே தமிழாக்கிப் ‘பூச்சிமருந்து’ என்றால் வயலில் தெளிப்பதாகிவிடும். தேளுக்கும் பூரானுக்கும் ‘கணுக்காலி மருந்துகள்’ என்பது பொருந்தும். அத்தொகுதியில் ‘வூகோங்’ எனப்படுவது, மூங்கில் சிம்பில் நீட்டிக் கட்டி உலர்த்திய பூரான். அதை மரவட்டை என்று எழுதுவது தவறு, ஏனெனில் மரவட்டைக்கு நச்சுக் கொடுக்கே கிடையாது.