வண்டின் வயிற்றில் ஒரு ரப்பர் சுவர்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றின் பின்மூடியைத் திறந்து, எஞ்சினைச் சுற்றிலும் விரலால் தடவிப் பாருங்கள். எஞ்சின் தகட்டுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடும். சூட்டில் பல வருடம் வெந்த பட்டை என்றால் முறுக்குப் போல ஒடிந்து கையோடு வந்துவிடும். சில வண்டிகளில் அதுவும் இருக்காது. சந்து வழியாகத் தரை தெரியும். தூசிக்காக வைத்தது என்று நினைத்துப் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் யாரும் பொறுப்பதில்லை. இங்கே ஓட்டை விழுந்தால் சொட்டுவதற்குத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

2003-இல் மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியேறும்வரை, 2 கோடிக்கும் மேற்பட்ட பீட்டில்களைக் காற்றுதான் குளிர்வித்தது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. பீட்டிலின் எஞ்சினோ பின்னால் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. அதனால் டைனமோவின் தண்டிலேயே ஒரு விசிறியை மாட்டினார்கள். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளவுகள் வழியாக அது காற்றை இழுத்து, சிலிண்டர்களின் மேல் சூட்டை வெளியேற்ற வைத்த உலோகச் செதில்களுக்கு நடுவே கீழ்நோக்கித் தள்ளுகிறது. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால், தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய 3,500-இல் ஒரு பங்கைத்தான் காற்று சுமக்கும். ஆகவே அளவால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது: எஞ்சின் வேகமாகச் சுழலும்போது விசிறி வினாடிக்கு 500 லிட்டர் அளவுக்குக் காற்றைத் தள்ளுகிறது.

மேலே குளிர்ந்த அறை, கீழே புகைபோக்கிக் குழாய்களும் வெந்த காற்றும் நிறைந்த அறை. இரண்டையும் பிரிப்பது தகடும் அந்த ரப்பரும்தான். விசிறி இடைவிடாமல் உறிஞ்சுவதால் மேல் அறையில் அழுத்தம் சற்றுக் குறைவு. சந்து கிடைத்தால் கீழிருக்கும் சூடு தானாகவே மேலே ஏறிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். எஞ்சினைக் கடக்கும் காற்று 60 டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிறி இழுப்பதில் கால் பங்கு இந்தச் சூடான காற்று என்றால், உள்ளே போகும் காற்றின் சூடு வெளிக்காற்றைவிட 20 டிகிரி கூடிவிடும். ஏன் 15 அல்ல? திரும்பி வரும் காற்று ஏற்கெனவே கூடிய சூட்டிலிருந்து கிளம்பி மறுபடி 60 ஏறியது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டர் மூச்சு வாங்குவதும் இதே அறையில்தான். சூட்டில் அடர்த்தி குறைந்த காற்றால் சக்தியும் குறைகிறது. 1970 வரையிலான மாடல்களில் மூன்றாவது சிலிண்டரின் பாடு இன்னும் மோசம்: ஆயில் கூலர் அதன் காற்றுப்பாதையிலேயே நின்றது.

ஏன் ரப்பர், தகட்டையே உடலோடு இணைத்திருக்கக் கூடாதா? முடியாது. எஞ்சின் கியர் பாக்ஸைப் பற்றியபடி பின்னால் தொங்கிக்கொண்டு ஓயாமல் அதிர்கிறது. அசைவது ஒன்று, அசையாதது ஒன்று; நடுவில் இளகிக் கொடுக்கிற ஒன்றுதான் தாங்கும்.

மாற்றுவதில் பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். பின்பக்கத்துச் சிறு துண்டை எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். முன்பக்கம் சுற்றி வரும் நீளத் துண்டுக்கு அப்படி முயன்றால் கை நுழையாது, வாய்தான் நீளும். நான்கு போல்ட்களைக் கழற்றி எஞ்சினை ஜாக்கில் இறக்கிவிடுவதே மேல். உடலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரைச் சுரண்டியெடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதைச் செருகுங்கள். கிரீஸ் வேண்டாம்; பல ரப்பர்கள் எண்ணெய் பட்டால் ஊதிவிடும். இழுத்து மாட்டவும் வேண்டாம். இழுத்த ரப்பர் பின்னால் சுருங்கி முனையில் இடைவெளி விடும். விரற்கடை நீளம் கூடுதலாக வைத்து வெட்டுவது நல்லது. ஸ்பார்க் பிளக் தொப்பிகளின் ரப்பர் வளையங்களையும் கையோடு பார்த்துவிடுங்கள். அவை கிழிந்திருந்தால், சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டிய காற்று அந்தத் துளை வழியே மேலே பீறிட்டுவிடும்.

எஞ்சினைத் திரும்ப ஏற்றும்போது தகட்டின் விளிம்பு ரப்பரின் இரண்டு உதடுகளுக்கும் நடுவே உட்கார வேண்டும். மடிந்து நிற்கும் உதட்டை முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பி எடுக்கலாம். இருட்டியபின் வண்டிக்கு அடியில் ஒரு டார்ச்சை வைத்துவிட்டு மேலிருந்து பாருங்கள். வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடத்தில் தகடு இன்னும் சரியாக உட்காரவில்லை.