பத்து மூட்டை குறைந்தால் விலை ஏன் பறக்கிறது?

காரைக்குடிப் பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, ஆவணியில இலைக்கு இவ்வளவுன்னு பேசி அச்சாரம் வாங்கிட்டேன். தை மாசம் சாமான் வாங்கப் போனா சின்ன வெங்காயம் ரெண்டு மடங்கு விலை. மண்டியில கேட்டா வரத்து கொஞ்சம் கொறைஞ்சிருக்குங்கிறாங்க. கொஞ்சம் கொறைஞ்சதுக்கா இம்புட்டு ஏறும்? யாரும் பதுக்குறாங்களா?"

பதுக்கலே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதுக்கல் துளியும் இல்லாத சந்தையிலும் இது நடக்கும். 1699இல் சார்லஸ் டேவனன்ட் என்பவர் இங்கிலாந்தில் ஒரு கணக்கை அச்சிட்டார். தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும்; பத்தில் இரண்டு குறைந்தால் எட்டு பங்கு; மூன்று குறைந்தால் பதினாறு பங்கு. அதாவது முப்பது சதவீதக் குறைவுக்கு நூற்று அறுபது சதவீத ஏற்றம். தானியத்துக்கு அவர் போட்ட எண்கள் வெங்காயத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் குறைவு கூடக் கூட ஏற்றம் பாய்ச்சலாகும் என்ற போக்கு பொருந்தும்.

ஏன் என்று பார்க்க ஒரு மண்டியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக ஒரு நாளைக்கு 100 மூட்டை வருகிறது. அதில் 60 வீடுகளுக்கு, 40 சமையல்காரர்களுக்கும் ஹோட்டல்களுக்கும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று வந்தது 90. பத்து மூட்டைக்கு உரியவர்கள் வெறும் பையோடு திரும்பியாக வேண்டும். யார் திரும்புவது என்று எவரும் உத்தரவு போடுவதில்லை. விலைதான் அந்த வேலையைச் செய்கிறது. போதுமான பேர் "வேண்டாம்" என்று சொல்லும்வரை அது ஏறிக்கொண்டே போகும்.

வீட்டுக்கு வாங்குபவர் ஒரு கிலோவை அரைக் கிலோ ஆக்கிக்கொள்வார். சாம்பாரில் நாலு வெங்காயம் குறையும், அவ்வளவுதான். கல்யாணச் சமையலில் அது முடியாது. 800 இலைக்குப் பூண்டு வெங்காயக் குழம்பும் வெங்காயக் கோசு என்ற தொடுகறியும் பேசியாயிற்று. பத்திரிகை அடித்தாயிற்று. வளவில் பந்தி விரித்த பிறகு குழம்பில் வெங்காயத்தைக் காணோம் என்றால் அடுத்த கல்யாணம் வராது. என்ன விலையானாலும் அவர் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே அந்த 40 மூட்டை அசையாது. குறைந்த பத்தும் வீடுகளின் 60இல்தான் கழியும். பத்தில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் ஆறில் ஒன்றை விட வேண்டியதாகிறது.

இனி இதே 90 மூட்டை ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வருகிறது என்று நினையுங்கள். சமையல்காரர்களின் தேவை 40இலிருந்து 60 ஆகியிருக்கும். வீடுகளுக்கு மிஞ்சுவது வழக்கமான 60இல் 30தான். சரிபாதி! அத்தனை வீடுகளையும் பாதியாகக் குறைக்க வைக்கும் அளவுக்கு விலை ஏறியாக வேண்டும். சந்தையில் விட்டுக்கொடுக்க முடியாத ஆள் எவ்வளவு கூடுகிறாரோ அவ்வளவுக்கு விலை எகிறும். வாசகரின் கேள்விக்குப் பாதி விடை அவருடைய அச்சார நோட்டிலேயே இருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வளர்பிறையில் விழும் சில நாட்களில் ஊரே ஒரே சமயத்தில் அடுப்பு மூட்டுகிறது. வாழையிலைக் கட்டு அந்த நாட்களில் என்ன விலைக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாள் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பார்ப்பவர்களோடு சண்டையும் இல்லை. ஆனால் அந்த நெருக்கடியின் விலையைக் கல்யாணமே இல்லாத வீடும் சேர்ந்து கொடுக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், வரத்து ஏன் குறைகிறது? மழையும் வெயிலும் தெரிந்த கதை. தெரியாத கதை, விவசாயி இன்றைய விலையைப் பார்த்து நாளைய பயிரை நடுவது. விலை உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் நடுகிறார்கள். எல்லாம் ஒன்றாக அறுவடைக்கு வந்து விலை விழுகிறது. நொந்துபோய் அடுத்த பருவம் விட்டுவிடுகிறார்கள். மறுபடி விலை ஏறுகிறது. வரைபடத்தில் போட்டால் கோடு சுற்றிச் சுற்றிச் சிலந்தி வலை போல வரும். 1934இல் நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளாதார அறிஞர் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். சீரகத்தில் அண்மையில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2023இல் முன்பேர வணிகத்தில், அதாவது பின்னால் கொடுக்கப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தையில், குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துக் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பரப்பைக் கூட்டினார்கள். 2024 தொடக்கத்தில் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது.

சின்ன வெங்காயத்தில் இந்த வலைக்கு இன்னொரு முடிச்சு உண்டு. பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் நடுவது பெரும்பாலும் விதையை அல்ல, வெங்காயத்தையேதான். ஏக்கருக்கு 400 முதல் 600 கிலோ. விலை ஏறியதும் நடும் ஆசை கூடுகிறது. வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையில் இருக்கும் சரக்கில் ஒரு பங்கு சமையலுக்கு வராமல் மண்ணுக்குப் போகிறது. தட்டுப்பாட்டைத் தீர்க்கப் போகும் அதே நடவு, அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத் தட்டுப்பாட்டை இன்னும் இறுக்குகிறது! இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

சமையலுக்கு வாங்கும் மற்றச் சாமான்களின் விலைக் கதையில் இவ்வளவு சுவாரசியம் இல்லை. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது முழுதாக ஒரு மாதம்கூட இல்லை, அதற்குள் அந்தச் சூடு இங்கே பட்சணக் கடாய் வரை வந்தது. 19 கிலோ சிலிண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 5 சதவீத வரியில் சமையல் எடுப்பவருக்கு, சிலிண்டருக்குக் கட்டிய அந்த 18 சதவீதம் திரும்பக் கிடைக்காது, அப்படியே செலவில் சேரும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சந்தைத் தகவல் மையம் நடவுக்கு முன்பே விலை முன்கணிப்பு வெளியிடுகிறது. சிலந்தி வலையை அறுக்கும் கத்தரி அதுதான். விலை ஏறும் என்று கணிப்பு வந்து, அதை நம்பிக் கூடுதலாக நட்டு, கடைசியில் விலை ஏறாமல் போனால் கணிப்பு தப்பு என்பார்கள். உண்மையில் அது தன் வேலையைச் செய்துவிட்டது. இந்த மாதிரி ஆய்வுக்கும், வெங்காயம் அழுகாமல் காக்கும் பட்டறை ஆய்வுக்கும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, வாசகருக்கு. தையில் உங்கள் குழம்புக்கு வரும் வெங்காயம் பெரும்பாலும் ஐப்பசியில்தான் நடப்படுகிறது. ஆவணியில் நீங்கள் விலை பேசும்போது அது இன்னும் மண்ணுக்குள்ளேயே போகவில்லை. ஐப்பசி மழையில் திருகல் நோய் வருமா என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. ஆகவே இலைக் கணக்கிலிருந்து வெங்காயத்தை எடுத்துவிடுங்கள். "சின்ன வெங்காயம், அன்றைய மண்டி விலைக்கு" என்று சிட்டையில் தனி வரியாக எழுதி, அச்சாரம் வாங்கும்போதே கல்யாண வீட்டாரிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.