எலி கடிக்கவே வேண்டாம்: வெள்ள நிவாரணத்துக்குப் போகும் சபை வாலிபர்களுக்கு

"எலி எதுவும் கடிக்கலையே டாக்டர்!"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சபை வாலிபர்களோடு வேன் ஏறி, வெள்ளம் புகுந்த வீடுகளில் சேறு அள்ளிவிட்டு வந்த ஒரு தம்பி. ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல். டைபாய்டு என்று எங்கேயோ ஊசி போட்டதில் நாலு நாள் போயிற்று. என்னிடம் வரும்போது கண்ணெல்லாம் மஞ்சள், சிறுநீர் சொற்பம். டயாலிசிஸ் வரை போய்ப் பிழைத்தார். எலிக்காய்ச்சல் என்றதும் அவருடைய அம்மா கேட்டதுதான் மேலே இருப்பது.

எலி கடிக்க வேண்டாம் அம்மா. கண்ணில் படக்கூட வேண்டாம். கிருமி இருப்பது எலியின் சிறுநீரில். மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் இருக்கும். வெள்ளம் அத்தனையையும் கலக்கி நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அதில் நிற்பவரின் செருப்புக்கடி, சேற்றுப்புண், முள் கீறல், எது வழியாகவும் உள்ளே போகும். கண்ணிலோ வாயிலோ தெறித்தாலும் போகும். காயமே இல்லை என்கிறீர்களா? மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறிய தோலே போதும். "தண்ணி வடிஞ்ச பிறகுதானே போனோம்" என்பதும் செல்லாது. ஈரச் சேற்றில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

"எல்லாருக்கும் டிடி ஊசி போட்டுத்தான் கூட்டிட்டுப் போனோம்" என்பார் கூட்டிப்போனவர். போடத்தான் வேண்டும், ஆணி குத்தினால் ரண ஜன்னி வராமல் தடுப்பது அது. ஆனால் அதற்கும் எலிக்காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை.

2018 வெள்ளத்தின்போது கேரள சுகாதாரத் துறை, தண்ணீரில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை 200 மில்லிகிராம் கொடுத்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அதுபோன்ற இடத்துக்குக் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் இது ஆகாது. (சர்க்கரை நோயால் காலில் புண் உள்ள பெரியவர்களே, நீங்கள் வீட்டிலிருந்து அரிசி மூட்டை கட்டிக் கொடுங்கள், போதும்.) மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், நெஞ்சைப் புண்ணாக்கிவிடும்.

மாத்திரை போட்டாயிற்று என்று வெறுங்காலோடு இறங்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முழங்கால் வரை கம்பூட்ஸ், ரப்பர் கையுறை. புண்ணுக்குத் தண்ணீர் புகாத பிளாஸ்டர். குப்பைக்குள் கைவிடும் முன் கம்பால் தட்டுங்கள். பாம்பும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். வேலை முடிந்ததும் முதலில் சோப்பு, பிறகுதான் சாப்பாடு, ஜெபக்கூட்டம் எல்லாம்.

திரும்பி வந்தபின் காய்ச்சலும் கெண்டைக்காலைத் தொடமுடியாத வலியும் சிவந்த கண்ணும் வந்தால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், சிறுநீரகம் தாங்காது. டாக்டரிடம் போய் "வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்" என்று முதல் வரியாகச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றுகூட வரும். அந்த ஒரு வரியை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். (டைபாய்டுக்கு என்று செய்யும் வைடால் பரிசோதனை பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு இன்று முடியாது.)

போதகர் ஐயாமாருக்கு ஒரு வேண்டுகோள். குழு ஊர் திரும்பியபின் ஒரு மாதத்துக்கு, ஒவ்வொரு ஞாயிறும் அறிவிப்பு வாசிக்கும்போது "போய்வந்தவர்களில் யாருக்காவது காய்ச்சல் உண்டா?" என்று கேளுங்கள். கை தூக்குகிறவரை ஆராதனை முடியட்டும் என்று உட்கார வைக்காதீர்கள்.